ரேம் வாங்கப் போகுமுன்

கம்ப்யூட்டர் மந்தமானால் ‘ஒரு ரேம் போட்டுடலாம் சார்’ என்பதே கைவைத்தியமாகிவிட்டது. விலை மலிவாக இருந்தவரை அதில் பெரிய நட்டமில்லை. 2025 இறுதியிலிருந்து நிலைமை வேறு. சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் ஆகிய மூன்று பெரிய நிறுவனங்களும் ஏஐ டேட்டா சென்டர்கள் பக்கம் திரும்பிவிட, வீட்டுக் கம்ப்யூட்டருக்கான ரேம் விலை எகிறிவிட்டது. பலருக்கும் பழகிய ‘குரூஷியல்’ பிராண்டையே கைவிடுவதாக மைக்ரான் அந்த டிசம்பரில் அறிவித்தது. இந்த நேரத்தில் பார்க்காமல் வாங்குவது வீண்செலவு.

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். குரோம், டேலி, எக்செல் என்று தினமும் திறப்பதையெல்லாம் திறந்துவைத்துவிட்டு ‘பெர்ஃபார்மன்ஸ்’ பக்கத்துக்குப் போகலாம். மெமரி 90 சதவீதத்தில் நின்றால் ரேம் போதவில்லை. மெமரி பாதியிலேயே இருக்க, டிஸ்க் 100 சதவீதத்திலிருந்து இறங்க மறுத்தால் கோளாறு பழைய ஹார்ட் டிஸ்க்கில். எஸ்எஸ்டி மாற்றினாலே போதும். எத்தனை ஸ்லாட் நிரம்பியிருக்கிறது என்பதும் அங்கேயே தெரியும்.

வாங்குவதென்றால் முதலில் ரேமின் வகையைப் பார்க்க வேண்டும். டிடிஆர்4 ஸ்லாட்டில் டிடிஆர்5 ஏறாது. இரண்டுக்கும் 288 பின்கள்தான், ஆனால் நடுவிலுள்ள வெட்டு இடம் மாறியிருக்கும். பலம் காட்டி அமுக்கினால் உடைவது ஸ்லாட்.

அடுத்தது வேகம். இங்கேதான் பணம் கரைகிறது. ஐ3-10100 பிராசசரும் எச்410 மதர்போர்டும் கொண்ட கம்ப்யூட்டருக்கு 3200 ரேம் வாங்கினாலும் அது 2666-க்கு இறங்கித்தான் ஓடும். விலை ஒன்றென்றால் வாங்கலாம். வேகத்துக்கென்று கூடுதலாக ஒரு ரூபாய் தர வேண்டியதில்லை. அதைவிட, ஒரே 16 ஜிபிக்குப் பதில் இரண்டு 8 ஜிபியாகப் போடுவது நல்லது. இரண்டு சேனலிலும் தரவு ஓடும். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாதவர்களுக்கு கேம்களில் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். நான்கு ஸ்லாட் உள்ள போர்டுகள் பெரும்பாலானவற்றில் பிராசசரிலிருந்து எண்ணினால் இரண்டாவதும் நான்காவதும்தான் அதற்கான இடம். பக்கத்துப் பக்கத்தில் செருகிவிட்டு ஏமாறுவோர் அதிகம்.

பிரவுசிங், அலுவலக வேலைக்கு 16 ஜிபி தாராளம். வீடியோ எடிட்டிங் செய்வோர் 32 பற்றி யோசிக்கலாம். விளக்கு மினுக்குகிற ரேமுக்காக யாரும் யோசிக்கத் தேவையில்லை.

எச்61 போர்டில் டிடிஆர்3 ரேமுடன் ஓடுகிற பழைய கம்ப்யூட்டர்கள் இன்னும் எத்தனையோ அலுவலகங்களில் இருக்கின்றன. அவற்றின் பிராசசர்கள் விண்டோஸ் 11-க்கான பட்டியலில் இல்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. அவற்றில் 4 ஜிபி மட்டும் இருந்தால், பழைய டிடிஆர்3 ஒன்றைச் சல்லிசாகப் பிடித்து 8 ஆக்கலாம். அதற்குமேல் செலவழிக்கிற பணம் புது கம்ப்யூட்டருக்குப் போகட்டும்.