நக்ஷத்திரங்களுக்கும் ஜாதி உண்டா?

மார்கழி மாத முன்னிரவில் கீழ்வானை நோக்கினால் திருவாதிரை செந்நிறமாய்ச் சுடர்விடுவதைக் காணலாம். வலப்புறம் சற்றுத் தள்ளி வெண்ணீலமாய் ஜொலிப்பது ரைகல். இரண்டும் ஒரே இனமா?

வானநூலார் நக்ஷத்திரங்களின் ஒளியைப் பிரித்துப் பார்த்து, அதில் தோன்றும் கோடுகளைக் கொண்டு ஏழு பிரதான வகுப்புகளை வகுத்திருக்கிறார்கள். ரைகல் இரண்டாம் வகுப்பு, நம் சூரியன் ஐந்தாவது, திருவாதிரை கடைசி. கோடுகள் வேறுபடுவதால் அவற்றிலுள்ள பொருள்களும் வேறோ என்ற ஐயம் வெகுகாலம் இருந்தது.

அதைத் தீர்க்கும் சூத்திரத்தை 1920-ல் வெளியிட்டவர் கல்கத்தா சர்வகலாசாலையின் இளம் ஆசிரியர் மேகநாத் ஸாஹா. கோடுகளின் வேறுபாட்டுக்குப் பிரதான காரணம் உஷ்ணமே என்று அவர் விளக்கினார். திருவாதிரையின் மேற்பரப்பில் உஷ்ணம் சுமார் 3,500 டிகிரி. ரைகலிலோ சுமார் 12,000. ஸெஸீலியா பெயின் அம்மையார் அதே சூத்திரத்தைக் கொண்டு கணக்கிட்டு, பெரும்பாலான நக்ஷத்திரங்களின் கலவை ஏறக்குறைய ஒன்றே என்று 1925-ல் எழுதினார்.

வகுப்பு ஏழு, வஸ்து ஒன்றே! இவ்வுண்மைக்கு வழிகாட்டிய ஸாஹா, கிழக்கு வங்காளக் கிராமத்து மளிகைக் கடைக்காரரின் புதல்வர். தாழ்ந்ததென்று கருதப்பட்ட வகுப்பிலே பிறந்தவர். குழந்தைகளுக்குத் திருவாதிரையைக் காட்டும்போது இதையும் சொல்லுங்கள்.