அட்வான்ஸ் கட்டும் முன்: ஜீவனஹள்ளி மக்களுக்கு ஒரு வேண்டுகோள்

பெங்களூரின் ஜீவனஹள்ளி, காக்ஸ் டவுன், குக் டவுன், லிங்கராஜபுரம் பகுதிகளில் வாழும் பெரியோர்களே, தாய்மார்களே, பி.யு.சி. படிக்கும் தம்பி தங்கைகளே,

இரண்டாம் பி.யு.சி. ரிசல்ட் வந்த வாரமே நம் தெருக்களில் ஒரு பேச்சு கிளம்பிவிடுகிறது. "இங்கே டொனேஷன் கட்டி மாளாது, அந்தப் பணத்துக்கு ஃபாரினுக்கே அனுப்பிடலாம்." அடுத்த வாரம் ஒரு கன்சல்டன்சியில் அட்வான்ஸ். அடுத்த மாதம் வீட்டுப் பத்திரம் வங்கியில். பெல், ஐ.டி.ஐ., எச்.ஏ.எல். என்று முப்பது வருடம் ஷிஃப்ட் பார்த்துச் சேர்த்த பி.எஃப். பணம் இப்படி நாலைந்து வாரத்தில் கைமாறிப் போவதைப் பார்த்துச் சும்மா இருக்க முடியாமல்தான் இதை எழுதுகிறோம்.

வெளிநாட்டுப் படிப்பே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. நம் பிள்ளைகள் எங்கேயும் போய்ப் படிக்கட்டும். எங்கள் வேண்டுகோள் ஒன்றுதான்: எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடும் முன், அந்தப் பல்கலைக்கழகமும் அந்த நாட்டு அரசும் என்ன சொல்கின்றன என்பதை நடுவில் ஆள் இல்லாமல் நீங்களே ஒருமுறை படித்துவிடுங்கள். அதற்கு நிதானம் வேண்டும். அந்த நிதானம் ரிசல்ட் வந்த பிறகு கிடைக்காது. ஆகவே எஸ்.எஸ்.எல்.சி. முடிந்த கையோடு தொடங்குங்கள்.

காலக்கணக்கைப் பாருங்கள். அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றுக்கு விண்ணப்பிக்கும் கடைசித் தேதி, பிள்ளை இரண்டாம் பி.யு.சி. படித்துக்கொண்டிருக்கும்போதே, நவம்பரிலோ ஜனவரியிலோ முடிந்துவிடும். ஒன்பதாம் வகுப்பிலிருந்து எல்லா மதிப்பெண்களும், ஆசிரியர்களின் பரிந்துரைக் கடிதமும் கேட்பார்கள். பிரிட்டனில் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், மருத்துவப் படிப்பு ஆகியவற்றுக்கு அக்டோபர் 15. மற்றவற்றுக்குப் பெரும்பாலும் ஜனவரி. ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., ஆம்ஹெர்ஸ்ட் போன்ற சில இடங்களில், வெளிநாட்டு மாணவரானாலும் குடும்பத்தின் வசதியைப் பார்க்காமலே தேர்ந்தெடுத்து, தேவைக்கேற்ப உதவித்தொகை தருகிறார்கள். இடம் கிடைப்பது மிகக் கடினம். ஆனால் ரிசல்ட் வந்த பிறகு தேடத் தொடங்கும் பிள்ளைக்கு முயன்று பார்க்கும் வாய்ப்பே இல்லை. அப்போது மிச்சம் இருப்பது பெரும்பாலும் கமிஷன் கொடுத்து ஆள் சேர்க்கும் கல்லூரிகள்தான். பல கன்சல்டன்சிகளின் வருமானமே அந்தக் கமிஷன். அதில் குற்றம் இல்லை. ஆனால் கமிஷன் தராத கல்லூரியின் பெயர் அந்த மேசையில் அடிபடாது என்பதை மனதில் வையுங்கள்.

"ஜெர்மனியில் ஃபீஸே கிடையாது" என்பார்கள். பாதி உண்மை. அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் இல்லை. ஆனால் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் வெளிநாட்டு மாணவர்களுக்கு ஒரு செமஸ்டருக்கு 1,500 யூரோ உண்டு. முதல் ஆண்டுச் செலவுக்கென 11,904 யூரோ, அதாவது சுமார் 12 லட்சம் ரூபாய், முடக்கிவைத்த கணக்கில் காட்ட வேண்டும். நம் கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழ் 2022 நவம்பர் முதல் கட்டாயம். எல்லாவற்றுக்கும் மேலாக, நம் பன்னிரண்டாம் வகுப்பு மட்டும் அங்கே நேரடியாகச் சேரப் போதாது. 'ஷ்டூடியன்கோலெக்' என்ற ஓராண்டு ஆயத்தப் படிப்பு முடிக்க வேண்டும், அல்லது அதே துறையில் இங்கே அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் ஓராண்டு தேற வேண்டும், அல்லது ஜே.இ.இ. அட்வான்ஸ்டில் தேறியிருக்க வேண்டும். இளங்கலைப் படிப்பு அங்கே பெரும்பாலும் ஜெர்மன் மொழியில்தான். மொழி கற்க இந்திராநகரில் மாக்ஸ் முல்லர் பவன் இருக்கிறது. முதல் பி.யு.சி.யில் சேர்ந்த பிள்ளைக்கு நிதானமாகப் படிக்க இரண்டு வருடம் கிடைக்கும்.

கனடாவில் 2023-இல் நடந்ததை மறக்கக் கூடாது. அங்கே போய்ப் படித்து, வேலையிலும் சேர்ந்துவிட்ட பல இந்திய மாணவர்கள் நிரந்தரக் குடியிருப்பு உரிமைக்கு விண்ணப்பித்தபோதுதான், தங்கள் ஏஜென்ட் வாங்கித் தந்த அட்மிஷன் லெட்டரே போலி என்று தெரிந்தது. நாடுகடத்தும் நோட்டீஸ் வந்தது. அதன் பிறகு, 2023 டிசம்பர் முதல், ஒவ்வொரு கடிதத்தையும் கல்லூரியே அரசுக்கு உறுதிசெய்ய வேண்டும் என்று விதி வந்தது. கடிதத்தில் இருக்கும் பெயரையும் எண்ணையும் கல்லூரியின் சொந்த முகவரிக்கு ஒரு மின்னஞ்சலில் அனுப்பிக் கேட்கலாம். அதற்குப் பைசா செலவில்லை. கனடாவில் கல்விக் கட்டணம் போக 22,895 கனடா டாலர் கையிருப்பு காட்ட வேண்டும் என்பது 2025 செப்டம்பர் முதல் உள்ள கணக்கு. ஆஸ்திரேலிய மாணவர் விசாக் கட்டணம் 2025 ஜூலை முதல் 2,000 ஆஸ்திரேலிய டாலர். விசா மறுக்கப்பட்டாலும் அது திரும்பாது.

மருத்துவம் படிக்க அனுப்பும் குடும்பங்களிடம் தனியாகப் பேச வேண்டியிருக்கிறது. 2022 மார்ச் 1 அன்று உக்ரைனின் கார்கிவ் நகரில் குண்டுவீச்சில் உயிரிழந்த மாணவர் நம் மாநிலத்து ஹாவேரி மாவட்டப் பிள்ளை. பி.யு.சி.யில் 97 சதவீதம் எடுத்தும் இங்கே சீட் வாங்க முடியவில்லை என்று அவருடைய தந்தை அன்று சொன்னதை நாடே கேட்டது. அந்த வலி நமக்குப் புரிகிறது. அதனால்தான் 2021 நவம்பரில் வந்த தேசிய மருத்துவ ஆணைய விதிகளைப் படியுங்கள் என்கிறோம். நீட் தகுதி கட்டாயம். குறைந்தது 54 மாதம் ஆங்கில வழியில் ஒரே கல்லூரியில் படிக்க வேண்டும். அங்கேயே 12 மாதப் பயிற்சி. படித்த நாட்டில் மருத்துவராகத் தொழில் செய்யும் தகுதியும் கிடைக்க வேண்டும். திரும்பி வந்தால், வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்களுக்கான எஃப்.எம்.ஜி. தேர்வில் 300-க்கு 150 எடுக்க வேண்டும். பிறகு இங்கேயும் 12 மாதப் பயிற்சி. "நீட் இல்லாமலே டாக்டர் ஆகலாம்" என்று யாராவது சொன்னால், அந்த இடத்தைவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

இனிப் பணம். வங்கிகளின் பொதுவான கல்விக் கடன் திட்டத்தில் 7.5 லட்சம் வரை சொத்து ஈடு கேட்பதில்லை. அதற்கு மேல் கேட்பார்கள். நம் பகுதியில் பி-கத்தா, அதாவது சொத்துப் பதிவில் முழு அங்கீகாரம் பெறாத, வீடுகள் நிறைய. அவற்றை ஈடாக ஏற்கப் பல வங்கிகள் தயங்கும். விண்ணப்பிக்கும் முன்பே கிளை மேலாளரிடம் கத்தாவைக் காட்டிக் கேட்டுவிடுங்கள். 2024 நவம்பரில் அறிவித்த பி.எம். வித்யாலட்சுமி திட்டம் உள்நாட்டுக் கல்லூரிகளுக்குத்தான். எஸ்.சி. மாணவர்களுக்கான மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை முதுகலைக்கும் முனைவர் பட்டத்துக்கும்தான், இளங்கலைக்கு இல்லை. இவற்றை நம்பிப் பட்ஜெட் போடாதீர்கள்.

வட்டியை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். 30 லட்சம் கடன், 11 சதவீத வட்டி என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு வட்டி மட்டும் 3 லட்சத்து 30 ஆயிரம். நாலு வருடப் படிப்பும் அதன்பின் ஒரு வருட அவகாசமும் முடியும்போது, தனிவட்டிக் கணக்கிலேயே 16.5 லட்சம் ஏறியிருக்கும். 46.5 லட்சத்தைப் பத்து வருடத்தில் அடைக்க மாதத் தவணை ஏறத்தாழ 64 ஆயிரம். பிள்ளைக்கு அங்கே வேலை கிடைக்காமல் ஊர் திரும்பினாலும் அந்தத் தவணை நிற்காது. ஆழம் தெரியாமல் காலை விடக் கூடாது என்று நம் பாட்டிமார் சொன்னது இதற்கும் பொருந்தும்.

நம்மவர்களுக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். மார்க்ஸ் கார்டில் 'கார்த்திக் எஸ்', ஆதாரில் 'எஸ் கார்த்திக்', பாஸ்போர்ட்டில் 'கார்த்திக் செல்வராஜ்' என்று இருந்தால் வங்கியிலும் விசாவிலும் கேள்வி வரும். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால், அமெரிக்க விசாவில் அது குடும்பப் பெயர் இடத்துக்குப் போய், முதல் பெயருக்கு 'எஃப்.என்.யு.' (முதல் பெயர் தெரியவில்லை) என்று அச்சாகும். எஸ்.எஸ்.எல்.சி.க்குப் பதிவு செய்யும்போதே எல்லாவற்றிலும் ஒரே எழுத்து, ஒரே வரிசை இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆகவே நாங்கள் கேட்டுக்கொள்வது இவைதான்.

பெற்றோர்களே, ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். 'திரும்பத் தரப்படாது' என்ற வரி ஒப்பந்தத்தில் எங்கே இருக்கிறது என்று விரல் வைத்துத் தேடுங்கள். அசல் மார்க்ஸ் கார்டையும் பாஸ்போர்ட்டையும் கன்சல்டன்சியில் விட்டுவிட்டு வராதீர்கள். வெற்றுத்தாளில் கையெழுத்து வேண்டவே வேண்டாம்.

தம்பி தங்கைகளே, விண்ணப்பத்தை நீங்களே நிரப்புங்கள். மின்னஞ்சல் முகவரியும் கடவுச்சொல்லும் உங்கள் கையில் இருக்கட்டும். உங்கள் பெயரில் வேறொருவர் பொய் எழுதினாலும் அதற்குப் பொறுப்பு உங்கள் தலையில்தான் விழும்.

பி.யு. கல்லூரி முதல்வர்களே, முதல் பி.யு.சி. மாணவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு நாளாவது இதைப் பற்றிப் பேச ஒதுக்குங்கள். பரிந்துரைக் கடிதம் கேட்டு வரும் பிள்ளையை அலைக்கழிக்காதீர்கள்.

வெளிநாட்டில் படித்த, படிக்கும் நம் பகுதிப் பிள்ளைகளே, விடுமுறைக்கு வரும்போது பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒரு மணி நேரம் கொடுங்கள். வாடகை எவ்வளவு, பகுதி நேர வேலை உண்மையில் கிடைக்கிறதா, எது ஏமாற்றம் என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். நீங்கள் போடும் படங்களைப் பார்த்துத்தான் இங்கே பலர் முடிவெடுக்கிறார்கள்.

இந்தத் தாளை வீட்டில் படிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். கன்னடமோ உருதுவோ பேசும் அண்டை வீட்டாருக்கும் விஷயத்தைச் சொல்லுங்கள். உங்கள் தெருவில் யாராவது இந்த வாரம் அட்வான்ஸ் கட்டப் போகிறார் என்றால், இன்றே போய்ப் பேசுங்கள்.

இப்படிக்கு,
ஜீவனஹள்ளிப் பெற்றோரும் குடியிருப்போரும்