ரொட்டிக் கிண்ணத்தில் பரங்கிக்காய் டிப்... மயோனைஸ் இல்லாத ஹாலோவீன் விருந்து!

அக்டோபர் கடைசி வாரத்தில் ரீல்ஸைத் திறந்தால் போதும். வட்டமான ரொட்டியின் தலையைச் சீவி, உள்ளே குடைந்து, வழுவழுவென்று ஒரு டிப் ஊற்றி, மேலே சிலந்தி வலை வரைந்து மேஜை நடுவில் வைக்கிறார்கள். பிள்ளைகள் சுற்றி நின்று ரொட்டித் துண்டைத் தொட்டுத் தொட்டுச் சாப்பிடுகிறார்கள். ஹாலோவீன் விருந்தாம்! அதைப் பார்த்துவிட்டு அறந்தாங்கியிலும் ஆலங்குடியிலும் உள்ள பிள்ளைகள், "அம்மா, நம்ம வீட்லயும் செய்வோமா?" என்று கேட்கிறார்கள். பக்கத்தில் அப்பத்தா இருந்தால், "பேய்க்கு எதுக்குப்பா விருந்து?" என்று சிரிப்பார்.

தாராளமாகச் செய்யலாம். பேய்க்குப் பயப்பட ஒன்றுமில்லை. பயப்பட வேண்டியது, அந்த ரொட்டிக்குள் இருக்கும் வெள்ளைக் கலவைக்குத்தான். இந்த மாதிரி டிப்புகள் பலவற்றுக்கு அடிப்படையே மயோனைஸ்.

மயோனைஸில் என்ன சிக்கல்?

மயோனைஸ் என்பது பச்சை முட்டையின் மஞ்சள் கருவோடு எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு அடித்து, வினிகரோ எலுமிச்சைச் சாறோ சேர்ப்பது. அடுப்பு பக்கமே போகாது. முட்டை ஓட்டின் மேலோ உள்ளேயோ சால்மோனெல்லா கிருமி இருந்தால், அதைக் கொல்ல எந்தச் சூடும் கிடைக்காது. செய்ததை வெளியே வைத்துவிட்டால், நம் ஊர் வெக்கையில் அது மளமளவென்று பெருகும். நன்றாக இருக்கும் பெரியவர் இரண்டு நாள் வயிற்றுப்போக்கோடு தப்பிக்கலாம். சின்னக் குழந்தைகள், கர்ப்பிணிகள், வயதானவர்களுக்கு ஆஸ்பத்திரி வரைக்கும் போய்விடும்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. பச்சை முட்டையில் செய்த மயோனைஸுக்குக் கேரளா 2023 ஜனவரியில் தடை போட்டது. ஹைதராபாத்தில் மோமோ சாப்பிட்ட பலர் நோயுற்று, ஒரு பெண் இறந்த பிறகு, தெலங்கானா அரசு 2024 அக்டோபர் 30 அன்று தடை விதித்தது. ஹாலோவீனுக்கு முதல் நாள்! தமிழ்நாடு அரசும் 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்கு, பச்சை முட்டை மயோனைஸைத் தயாரிக்க, சேமித்து வைக்க, விற்கத் தடை போட்டது. உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம், 2006-ன் கீழ் வந்த ஆணை அது.

ஆணையெல்லாம் கடைக்காரருக்குத்தான். வீட்டு மிக்ஸியில் பச்சை முட்டை போட்டு அடித்தால் யாரும் வந்து கேட்கப்போவதில்லை. ஆனால், கிருமிக்குக் கடை என்றும் வீடு என்றும் வித்தியாசம் தெரியாது. பத்துப் பிள்ளைகளைக் கூப்பிட்டு விருந்து வைக்கும்போது அந்த ஆபத்து எதற்கு? கெட்டியும் வழுவழுப்பும்தானே வேண்டும்? அதைக் கொடுக்க நம் ஊரிலேயே ஆள் இருக்கிறது.

ஆதனக்கோட்டை முந்திரி கைகொடுக்கும்

புதுக்கோட்டையிலிருந்து தஞ்சாவூர் போகிறவர்கள் ஆதனக்கோட்டையில் வண்டியை நிறுத்தாமல் போவது அபூர்வம். சாலையோரம் பெண்கள் வறுத்த முந்திரியைக் குவித்து விற்பார்கள். முந்திரிக்கொட்டையின் ஓட்டில் இருக்கும் எண்ணெய் தோலில் பட்டால் புண்ணாகிவிடும். அதனால்தான் ஓட்டோடு நெருப்பில் வறுத்து, ஒவ்வொன்றாக உடைத்துப் பருப்பெடுக்கிறார்கள். அந்தச் சுட்ட வாசனை பாக்கெட் முந்திரியில் வராது. (கொட்டையோடு வாங்கி வந்து வீட்டு அடுப்பில் வறுக்கும் வேலை மட்டும் வேண்டாம். அந்தப் புகையும் எண்ணெயும் ஆகாது.)

ஊறவைத்து அரைத்த முந்திரியும், தண்ணீர் வடித்த கெட்டித் தயிரும் சேர்ந்தால் மயோனைஸைத் தேட வேண்டியதே இல்லை. ஹாலோவீனின் ஆரஞ்சு நிறத்துக்குப் பரங்கிக்காய். கலர் பொடி ஒரு சிட்டிகைகூட வேண்டாம்.

பரங்கிக்காய்க்கு இன்னொரு பொருத்தமும் உண்டு. ஹாலோவீனில் பெரிய பரங்கிக்காயைக் குடைந்து கண், மூக்கு, பல் வெட்டி, உள்ளே விளக்கு வைப்பார்கள். அயர்லாந்துக்காரர்கள் முதலில் டர்னிப் கிழங்கில்தான் முகம் செதுக்கினார்கள். அமெரிக்காவுக்குக் குடியேறிய பிறகு, அங்கே தாராளமாகக் கிடைத்த பரங்கிக்காய்க்கு மாறினார்கள். கெட்ட ஆவி அண்டாமல் இருக்க அந்த முகம். நாம் புது வீட்டு வாசலில் பூசணிக்காய்க்குக் கண்ணும் மீசையும் வரைந்து திருஷ்டிக்குக் கட்டுகிறோமே, கிட்டத்தட்ட அதே கதைதான். அப்பத்தாவிடம் இதைச் சொன்னால் விருந்துக்கு அனுமதி கிடைத்துவிடும்!

தேவையானவை (8 முதல் 10 பேருக்கு)

வெட்டாத வட்ட ரொட்டி - 1 (சுமார் 500 கிராம்)
பரங்கிக்காய் (தோல், விதை நீக்கி நறுக்கியது) - 300 கிராம்
முந்திரி - அரை கப்
புளிக்காத கெட்டித் தயிர் - அரை லிட்டர்
சின்ன வெங்காயம் - 10
பூண்டு - 6 பல்
காய்ந்த மிளகாய் - 2
மிளகுத்தூள் - 1 டீஸ்பூன்
எலுமிச்சைச் சாறு - 1 டேபிள்ஸ்பூன்
எண்ணெய் - 1 டேபிள்ஸ்பூன்
உருக்கிய வெண்ணெய் அல்லது நெய் - 2 டேபிள்ஸ்பூன்
உப்பு - தேவைக்கு

அலங்கரிக்க: விதை நீக்கிய பேரீச்சம்பழம் 2, காராசேவு கொஞ்சம்.

செய்முறை

1. முதல் நாள் இரவே தயிரைச் சுத்தமான மெல்லிய துணியில் கட்டி, வடிகட்டியில் வைத்து, அடியில் ஒரு பாத்திரத்தோடு ஃப்ரிட்ஜில் வைத்துவிடவும். காலையில் தண்ணீரெல்லாம் இறங்கி, தயிர் வெண்ணெய் மாதிரி திரண்டிருக்கும். வடிந்த தண்ணீரைக் கொட்ட வேண்டாம். சப்பாத்தி மாவு பிசையலாம்.

2. முந்திரியை வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைக்கவும். உப்புப் போட்டு வறுத்த முந்திரி என்றால், பிறகு உப்பைக் குறைத்துக்கொள்ளவும்.

3. வாணலியில் எண்ணெய் விட்டு, காய்ந்த மிளகாய், பூண்டு, வெங்காயம் வதக்கவும். வெங்காயம் நிறம் மாறியதும் பரங்கிக்காயைச் சேர்த்து, சிறு தீயில் மூடி வேகவிடவும். தண்ணீர் விடாதீர்கள். காயிலேயே தண்ணீர் இருக்கிறது. அடிப்பிடித்தால் மட்டும் கை தெளித்துவிடலாம். காய் குழைந்ததும், மூடியைத் திறந்து ஈரம் சுண்டும் வரை கிளறவும்.

4. நன்றாக ஆறவிட்டு, ஊறிய முந்திரியைத் தண்ணீர் வடித்துச் சேர்த்து, மிக்ஸியில் நைசாக அரைக்கவும்.

5. அரைத்ததை ஒரு கிண்ணத்துக்கு மாற்றி, கெட்டித் தயிர், மிளகுத்தூள், எலுமிச்சைச் சாறு, உப்பு சேர்த்துக் கரண்டியால் கலக்கவும். தயிரை மிக்ஸியில் போட்டால் நீர்த்துவிடும். வலை வரைய இரண்டு டேபிள்ஸ்பூன் தயிரை மட்டும் தனியே எடுத்து வைக்கவும். டிப்பை மூடி, ஃப்ரிட்ஜில் இரண்டு மணி நேரம் வைத்தால் கெட்டிப்படும்.

ரொட்டியைக் கிண்ணமாக்குவது எப்படி?

ரொட்டிக்குள் சாப்பாடு என்றதும் அயல்நாட்டுச் சமாசாரம் என்று நினைத்துவிட வேண்டாம். இதில் நம்மவர்களுக்கும் பங்கு உண்டு. 1860 நவம்பர் 16 அன்று, மதராஸிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' கப்பல், ஒப்பந்தத் தொழிலாளர்களோடு தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கரை சேர்ந்தது. தமிழும் தெலுங்கும் பேசியவர்கள் அதில் நிறையப் பேர். கரும்புத் தோட்டத்துக்குப் போன அந்த மக்களின் வாரிசுகள் வாழும் டர்பன் நகரத்தின் அடையாளமே இன்று 'பன்னி சௌ'. ரொட்டியைக் குடைந்து, காரசாரமாகக் குழம்பு ஊற்றி, குடைந்தெடுத்த ரொட்டியை மேலே மூடித் தருவார்கள். நிறவெறிக் காலத்தில் கறுப்பின மக்களை உணவகங்களில் உட்காரவிடாதபோது, கையில் எடுத்துப்போக வசதியாக இது பரவியது என்று சொல்வதுண்டு. தட்டும் வேண்டாம், கரண்டியும் வேண்டாம். கடைசியில் கிண்ணத்தையே சாப்பிட்டுவிடலாம். நம் டிப்புக்கும் அதே கணக்குத்தான்.

வட்ட ரொட்டி கடையில் தயாராகக் கிடைக்காமல் போகலாம். பக்கத்து பேக்கரியில் ஒரு நாள் முன்னால் சொல்லிவைத்தால், பன் மாவைச் சர்க்கரை குறைத்துப் பெரிதாகச் சுட்டுத் தருவார்களா என்று கேட்டுப் பார்க்கலாம். முடியாவிட்டால், ஆளுக்கொரு சாதா பன் வாங்கிச் சின்னச் சின்னக் கிண்ணமாக்கிவிடுங்கள். குழந்தைகளுக்கு அதுதான் இன்னும் பிடிக்கும். ஒருவர் எச்சில் இன்னொருவருக்குப் போகாது.

முதல் நாள் ரொட்டியாக இருந்தால் வெட்டச் சுலபம். மேல்பகுதியை மூடி மாதிரி சீவி எடுக்கவும். ஓரத்தில் ஒரு விரல் கனம் விட்டு, உள்ளே இருப்பதைக் கையால் பிய்த்தெடுக்கவும். அடியில் ஓட்டை விழாமல் பார்த்துக்கொள்ளவும். உள்பக்கம் முழுக்க வெண்ணெய் தடவி, ஓவன் இருந்தால் 180 டிகிரியில் எட்டு முதல் பத்து நிமிடம் வைக்கவும். இல்லையென்றால் தோசைக்கல்லைச் சிறு தீயில் வைத்து, ரொட்டியைக் குப்புறக் கவிழ்த்து ஐந்து நிமிடம் விடவும். இந்த மொறுமொறுப்புதான் டிப் ஊறிப்போய் ரொட்டி தொளதொளக்காமல் காப்பாற்றும். பிய்த்த ரொட்டியையும் சின்னத் துண்டுகளாக்கித் தோசைக்கல்லில் மொறுகலாக வாட்டிக்கொள்ளவும். தொட்டுச் சாப்பிட அதுவே போதும்.

சிலந்தி வந்தாச்சு!

விருந்தினர் வந்த பிறகு டிப்பை ரொட்டியில் ஊற்றினால் போதும். எடுத்து வைத்த தயிரைச் சொட்டுத் தண்ணீர் விட்டு இளக்கி, சின்ன பிளாஸ்டிக் கவரில் போட்டு, நுனியைத் துளி வெட்டவும். ஆரஞ்சு டிப்பின் மேல் ஒன்றுக்குள் ஒன்றாக வட்டங்கள் போடவும். பல் குத்தும் குச்சியால் நடுவிலிருந்து வெளியே எட்டுக் கோடு இழுத்தால் வலை ரெடி. ஒரு பேரீச்சம்பழம் சிலந்தி உடம்பு. இரண்டு பக்கமும் நான்கு நான்காகக் காராசேவு செருகினால் கால்கள். இந்த வேலையைப் பிள்ளைகளிடமே விட்டுவிடுங்கள். வலை கோணலாக வந்தால் இன்னும் நிஜமாக இருக்கும்!

பக்கத்தில் கேரட், வெள்ளரிக்காய்த் துண்டுகள், முறுக்கு வைக்கலாம். ரொட்டியின் மூடியில் கண்ணும் வாயும் வெட்டிச் சாய்த்து வைத்தால் முகம் மாதிரியே இருக்கும்.

மறக்கக் கூடாத நான்கு

* மயோனைஸ் இல்லை என்பதற்காக நாள் முழுக்க வெளியே வைக்கக் கூடாது. இதிலும் தயிர் இருக்கிறது. இரண்டு மணி நேரம்தான் கணக்கு. அறை 32 டிகிரிக்கு மேல் சூடாக இருந்தால் ஒரு மணி நேரம். பாதியை மட்டும் ரொட்டியில் ஊற்றி, மீதியை ஃப்ரிட்ஜில் வைத்து இடையில் நிரப்புங்கள். தொட்டுச் சாப்பிட்டதில் மிஞ்சியதை மறுநாளுக்கு எடுத்து வைக்காதீர்கள்.
* முந்திரி, பால், கோதுமை ஒவ்வாத பிள்ளைகள் இருப்பார்கள். கூப்பிடும்போதே அவர்கள் அம்மாவிடம் கேட்டுவிடுங்கள்.
* ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு முழு முந்திரி கொடுக்க வேண்டாம். தொண்டையில் சிக்கும். அரைத்தது பரவாயில்லை.
* பேய் வேஷத்துக்குப் போடும் துணியும் பேப்பரும் சட்டென்று தீப்பிடிக்கும். மெழுகுவத்திக்குப் பதில் பேட்டரி விளக்கு போதும்.

ஹாலோவீன் என்பது நவம்பர் 1 அன்று வரும் சகல புனிதர்கள் திருநாளுக்கு முந்தைய இரவு. அதற்கு மறுநாள், நவம்பர் 2, கல்லறைத் திருநாள். வீரமாமுனிவர் பணியாற்றிய ஆவூர் போன்ற பழைய கத்தோலிக்க ஊர்கள் உள்ள மாவட்டம் இது. அன்றைக்குக் கல்லறைகளைக் கழுவிப் பூப்போட்டு, மெழுகுவத்தி ஏற்றிப் பெரியவர்களை நினைப்பார்கள். அந்த நாளையொட்டி இங்கிலாந்தில் அந்தக் காலத்தில், வாசலுக்கு வந்து இறந்தவர்களுக்காக வேண்டிக்கொண்ட ஏழைகளுக்குச் சின்ன கேக் சுட்டுக் கொடுப்பார்களாம். நம் வீட்டு மகாளய அமாவாசைப் படையலும் போனவர்களை நினைத்து, இருப்பவர்களுக்குப் பரிமாறுவதுதானே?

அதனால், பிள்ளைகள் பேய் வேஷம் கட்டி ஆடட்டும். டிப் தீர்ந்ததும் ரொட்டிக் கிண்ணத்தைப் பிய்த்து ஆளுக்கொரு துண்டு கொடுங்கள். முதல் துண்டு, "பேய்க்கு எதுக்கு விருந்து?" என்று கேட்ட அப்பத்தாவுக்கு!