விட்டுவிட்டு வரும் நோய்



1955-இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் தோன்றியது. திருவொற்றியூர்த் தொழிற்சாலையிலிருந்து அது வெளியிட்ட புல்லட் வண்டிகளுள் பழையன பல இன்றும் நம் கொங்கு நாட்டில் ஓடிக்கொண்டிருக்கின்றன. தோட்டத்து உழவரையும், பால்கேனையும், உபதேசியாரையும், நள்ளிரவில் நோயில்பூசுதலுக்கு விரையும் குருவையும் அவை சுமந்துள்ளன. இவ்வண்டிகளைப் பீடிக்கும் பிணிகளுள் மிகப் பொல்லாதது, ஓட்டத்தின் நடுவே பொறி விட்டுவிட்டு அறுந்துபோவதாகும். அடியோடு நின்ற வண்டியையாவது தள்ளிக்கொண்டு போகலாம். இருபது கிலோமீட்டர் ஒழுங்காக ஓடி, கருமத்தம்பட்டியை நெருங்கும்போது ஒரு நொடி மூச்சடைத்து, மீண்டும் ஒன்றுமறியாததுபோல் ஓடும் வண்டியை என்ன செய்வது? அவிநாசிச் சாலையில் பின்னால் லாரி வருகையில் அந்த ஒரு நொடி போதும், ஒரு குடும்பம் தலைவனை இழக்க.

ஒர்க்‌ஷாப்பில் நிறுத்தினாலோ வண்டி பூனைபோல் சாதுவாகிவிடும். "என்னமோ மிஸ்ஸிங் அடிக்குதுங்கண்ணா" என்பதற்குமேல் நாம் ஒன்றும் சொல்வதில்லை. மெக்கானிக் பிளக்கை மாற்றுவார், காயிலை மாற்றுவார். ஒரு வாரக் கூலி கரைந்தபின்பும் நோய் அப்படியே இருக்கும். அவரைக் குறைகூறுதல் நியாயமன்று. சாவான பாவங்களை ஒவ்வொன்றாகவும், அவற்றின் வகையை மாற்றும் சூழ்நிலைகளோடும் அறிக்கையிட வேண்டுமென்று திரெந்துப் பொதுச்சங்கம் 1551-இல் கற்பித்தது. "பாவம் செய்தேன்" என்று மட்டும் சொல்லி எழுந்துவிடுபவருக்குக் குரு என்ன மருந்து தருவார்? வண்டிக்கும் சூழ்நிலையே முக்கியம். குளிர்ந்திருக்கையிலா, சூடேறிய பின்பா? மழையிலா? ஹேண்டிலைத் திருப்பும்போதா? மேடேறும்போதா? ஒரு துண்டுத் தாளில் இவற்றைக் குறித்துக்கொண்டு போனால் பாதி வேலை முடிந்தது.

முதலில், குற்றம் பொறியினுடையதுதானா என்று தெளிய வேண்டும். பெட்ரோல் போதாமற் போனால் வண்டி மெல்ல மெல்லச் சோர்ந்து நிற்கும். டாங்கு மூடியிலுள்ள சிறு காற்றுத்துளை தூசியால் அடைபட்டாலும் இப்படியே ஆகும். மூடியைத் திறந்து மூடியதும் வண்டி உயிர்பெற்றால், காயிலுக்குப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. பொறியோ விளக்கை அணைத்தாற்போல் சட்டென்று அறும். மீண்டும் வரும்போது, எரியாமல் போன வாயு சைலன்சரில் 'டப்' என்று வெடிப்பதும் உண்டு.

இனி பாயிண்ட். எஞ்சின் நிமிடத்திற்கு 3000 சுற்றுச் சுழல்கையில், புல்லட்டின் பாயிண்ட் 1500 தடவை, அதாவது நொடிக்கு 25 தடவை, திறந்து மூடுகிறது. மூடியிருக்கையில் பேட்டரியின் மின்சாரம் காயிலுக்குள் ஓடும். திறந்த கணத்தில் அது அறுபட, பல்லாயிரம் வோல்ட் எழுந்து பிளக்கில் பொறியாகப் பாயும். பாயிண்டின் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் இருத்தல் வேண்டும். ஒரு துளி எண்ணெய்ப் பிசுக்கும் அங்கே தடையாகும்.

ஹெட்லைட்டின் மேலுள்ள ஆம்பியர் மீட்டரை அலங்காரமென்று எண்ணுவோர் பலர்; நமக்கோ அது வைத்தியரின் நாடிக்கு ஒப்பானது. சாவியைத் திருப்பி, கிக்கரை மெதுவாக அழுத்தினால், பாயிண்ட் மூடும்போது முள் இடப்புறம் சாய்ந்து, திறக்கும்போது நடுவுக்கு வர வேண்டும். சாயவே இல்லையெனில் மின்சாரம் வந்து சேரவில்லை அல்லது பாயிண்ட் அழுக்கேறியுள்ளது. பேட்டரி முனை, ஃபியூஸ், சாவி ஸ்விட்ச் ஆகியவற்றையும் பார்க்கவும். பிறகு எஞ்சினை ஓடவிட்டு ஹேண்டிலை இருபுறமும் திருப்புக. சாவியை லேசாக அசைக்க. அப்போது ஓட்டம் தடுமாறினால், உறைக்குள் ஒயர் அறுந்திருக்கிறது. மழையில் மட்டும் வரும் நோய்க்கு, இருட்டில் நின்று பிளக் ஒயரைப் பார்த்தால், வெடிப்பு வழியே நீலநிறத்தில் மின்சாரம் கசிவது கண்ணுக்கே தெரியும்.

கலங்கலில் பிறந்த ஜி.டி. நாயுடு இளமையில் ஒரு வெள்ளைக்காரரின் மோட்டார் சைக்கிளை விலைக்கு வாங்கி, பிரித்துப் பூட்டியே தொழில் கற்றாரென்பது கோவையில் அனைவரும் அறிந்த செய்தி. அவ்வளவு துணிவு எல்லோருக்கும் வேண்டியதில்லை. ஒரு சமயத்தில் ஒரு பொருளை மட்டும் மாற்றும் பொறுமையே போதும். நான்கை ஒருங்கே மாற்றிவிட்டால், வண்டி நலமடைந்தாலும், குற்றவாளி எதுவென்று தெரியாமலே போகும். மூன்று நல்ல பொருள்கள் குப்பைக்குப் போயிருக்கும்.

சூடேறிய பின் மட்டும் வரும் நோயே கடினமானது. காயிலோ கண்டன்சரோ சூட்டில் தளர்ந்து, ஆறியதும் தேறிவிடும். ஆதலால் வண்டி நின்ற அந்த இடத்திலேயே, சூடு ஆறுமுன் சோதிக்க வேண்டும். கைவசமுள்ள வேறொரு பிளக்கை மூடியில் செருகி, எஞ்சின் தலைமேல் கிடத்தி, கிக்கரை உதைக்க. நீலப்பொறி சடசடவென்று வந்தால் நலம். மஞ்சளாக மங்கினால் ஐயத்துக்குரியது. அப்போது பாயிண்ட் மூடியைக் கழற்றி நோக்குக. அங்கே பொறி பெரிதாகப் பறந்தால் கண்டன்சரே காரணமென்று பெரும்பாலும் கொள்ளலாம்.

அதன் விலை சொற்பம். ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டையூசி வளைவுகள் ஏறுவோர், ஒரு கண்டன்சரையும், ஒரு பிளக்கையும், அதற்குரிய ஸ்பேனரையும் பழந்துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்துக்கொள்க. கண்டன்சரை வாங்கியவுடன் வண்டியில் பொருத்தி, ஒருநாள் ஓட்டிப் பார்த்தபின் பெட்டியில் இடுதல் நலம். கடையிலிருந்து வந்ததெல்லாம் நல்லதென்று சொல்வதற்கில்லை.