பெரட்டுக் களத்தில் ஒரு பிணம்

நான் எழுதிய முதல் துப்பறியும் கதையின் நாயகன் நீளக் கோட்டும் தொப்பியும் போட்டிருந்தான். வாயில் சிகரெட், இடுப்பில் துப்பாக்கி. கதை நடக்கும் இடம் எங்கள் ஜித்ரா. இந்த ஊர் வெயிலில் அந்தக் கோட்டோடு சங்லூன் சாலையில் ஒரு மைல் நடந்திருந்தால், கொலைகாரனைப் பிடிப்பதற்குள் அவனே மயங்கி விழுந்திருப்பான். அப்போது நான் நான்காம் படிவம். கதையைப் படித்த தமிழாசிரியை சிரிக்கவில்லை. "இவன் யாரு வீட்டுப் பிள்ளை?" என்று மட்டும் கேட்டார்.

என்னிடம் பதில் இல்லை. ஆங்கிலப் படத்திலிருந்து அவனை அப்படியே இறக்குமதி செய்திருந்தேன். இப்போது பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அந்தக் கேள்வி மட்டும் இன்னும் விடவில்லை.

இந்த வகைக் கதைக்கு ஆங்கிலத்தில் 'ஹார்ட்பாயில்ட்' என்று பெயர். வெந்து வெந்து இறுகிப்போன முட்டையைப் போல மனம் இறுகிப்போன துப்பறிவாளனின் கதை. இதற்குப் பாதை போட்டவர்களில் முக்கியமானவர் அமெரிக்க எழுத்தாளர் டேஷியல் ஹேமட். எழுத வருவதற்கு முன் அவர் பிங்கர்டன் என்ற தனியார் துப்பறியும் நிறுவனத்தில் வேலை பார்த்தார். அந்த நிறுவனத்தை முதலாளிகள் அமர்த்தியது திருடனைப் பிடிக்க மட்டுமல்ல, வேலைநிறுத்தத்தை உடைக்கவும்தான். 1929இல் வந்த அவருடைய 'ரெட் ஹார்வெஸ்ட்' நாவலில் ஒரு சுரங்க நகரம் வருகிறது. போராடும் தொழிலாளர்களை அடக்க முதலாளி அடியாட்களைக் கூட்டி வருகிறார். போராட்டம் அடங்கிவிடுகிறது. ஆனால் வந்த அடியாட்கள் திரும்பிப் போகவில்லை. ஊரையே தங்கள் கைக்குள் போட்டுக்கொள்கிறார்கள்.

இதைப் படித்தபோது எனக்குக் கோட்டும் தொப்பியும் மறந்து போயின. நிலம் கம்பெனிக்குச் சொந்தம். குடியிருக்கும் லயமும் கம்பெனியுடையது. மருந்து கொடுப்பவனுக்கும் கணக்கு எழுதுபவனுக்கும் சம்பளம் தருவது கம்பெனி. அப்படிப்பட்ட இடத்தில் ஒருவன் செத்தால் எப்படிச் செத்தான் என்று முடிவு செய்வது யார்? இது நம் தோட்டத்துக் கதை இல்லாமல் வேறென்ன?

நம் கெடாவிலேயே இதற்குச் சான்று உண்டு. போர் முடிந்தபின் 1946, 1947 வாக்கில் தோட்டத் தமிழர்கள் தொண்டர் படை அமைத்தார்கள். பீடோங் பக்கத்து ஹார்வர்ட் தோட்டத்தின் ஏ.எம்.சாமி அதற்குத் தலைவர். கள்ளுக்கடையை மூடு என்பது அவர்களின் பெரிய கோரிக்கை. கூலி கொடுத்த இடத்துக்குப் பக்கத்திலேயே அந்தக் கூலியைக் கறக்கும் கடை. 1947 தொடக்கத்தில் பீடோங் கள்ளுக்கடை மறியல் போலீசோடு மோதலானது, உயிரும் போனது. ஹேமட் படித்திருந்தால் உடனே அடையாளம் கண்டிருப்பார்.

ஜித்ராவுக்கு வருகிறேன். 1941 டிசம்பர் 11, 12 தேதிகளில் இங்கே நடந்த சண்டையைப் பற்றி வரலாற்றுப் பாடத்தில் ஒரு வரி வந்தால் அதிகம். பிரிட்டிஷார் கட்டிய தற்காப்பு வரிசை மழையிலும் சேற்றிலும் இரண்டே நாளில் உடைந்தது. அதற்கு ஒரு நாள் முன்பு, 10ஆம் தேதி, அலோர்ஸ்டார் விமானத்தளத்தில் பணியிலிருந்த பேட்ரிக் ஹீனன் என்ற கேப்டன் கைதாகிறார். விமானத்தளத்தின் தகவல்களை ஜப்பானுக்கு உளவு சொன்னதாகக் குற்றச்சாட்டு. சிங்கப்பூர் விழும் தறுவாயில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டதாகச் சொல்லப்படுகிறது.

அதைவிட என்னைப் பிடித்துக்கொண்டது இன்னொன்று. பிரிட்டிஷார் பின்வாங்கியதும் அலோர்ஸ்டாரில் கொள்ளை. ஊரை அடக்கும் பொறுப்பை ஜப்பானிய மேஜர் ஃபுஜிவாரா யாரிடம் கொடுத்தார் தெரியுமா? ஜித்ரா பக்கம் தோற்றுச் சிதறிப் பிடிபட்ட இந்தியச் சிப்பாய்களிடம். அவர்களுக்குத் தலைவர் கேப்டன் மோகன் சிங். பிறகு முதல் இந்திய தேசிய ராணுவத்தை அமைத்தவர். நேற்றுவரை ஒரு ராஜாவின் சிப்பாய், காலையில் கைதி, மாலையில் போலீஸ். அப்படி ஒருவனைத் துப்பறிவாளனாக வைத்து ஒரு தமிழ் நாவல் இன்றுவரை என் கண்ணில் படவில்லை.

துப்பறியும் கதைக்கு உயிர் நாடி நேரம். கொலை நடந்தபோது நீ எங்கே இருந்தாய் என்பதுதானே முதல் கேள்வி? ஜப்பானியர் வந்ததும் மலாயாவின் கடிகாரத்தை டோக்கியோ நேரத்துக்கு மாற்றினார்கள். முள்ளை ஒன்றரை மணி நேரம் முன்னே தள்ள வேண்டும். சூரியன் மாறவில்லை, பால் மரம் மாறவில்லை, மணி மட்டும் மாறிவிட்டது. பெரட்டுக்கு வந்த ஒரு கிழவி பழைய கணக்கில் "ஆறு மணி" என்கிறாள். அலுவலகத்தில் ஏழரை என்று பதிவாகிறது. அந்த ஒன்றரை மணிக்குள் ஒரு கொலைகாரன் தாராளமாக ஒளிந்துகொள்ளலாம்.

ஆட்சியும் அப்படித்தான். 1943 அக்டோபரில் ஜப்பான் கெடாவைச் சயாமிடம் ஒப்படைத்தது. செப்டம்பரில் ஒரு தோட்டத்தில் பிணம் விழுகிறது என்று வையுங்கள். புகார் ஜப்பானியர் காலத்தது. விசாரிக்க வருவது சயாம் அதிகாரி. 1945இல் வெள்ளைக்காரன் திரும்பி வந்து கோப்பைத் திறந்தால் உள்ளே தாளே இல்லை. இப்படிப்பட்ட சிக்கலை நான் உட்கார்ந்து யோசித்திருந்தால் ஒரு வருடம் ஆகியிருக்கும். வரலாறு இலவசமாகத் தருகிறது.

ஆனால் நான் இதை எழுத ஆசைப்படுவது சிக்கலுக்காக இல்லை. பாட்டிக்கு அப்போது ஆறு வயது. அவருடைய பெரியண்ணன் கெடாத் தோட்டம் ஒன்றிலிருந்து சயாம் ரயில் பாதை வேலைக்குப் போனவர். 415 கிலோமீட்டர் பாதை. அவர் எந்த மைலில் விழுந்தார் என்று தெரியாது. காஞ்சனாபுரியில் போர்க்கைதிகளுக்கு ஏறத்தாழ 7,000 கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன; பெரும்பாலானவற்றில் பெயர் பொறித்திருக்கிறது. அவர்களைவிடப் பல மடங்கு செத்த நம் ஆட்களுக்கு அப்படி ஒரு வரிசை இல்லை. "கட்டி இழுத்துட்டுப் போகலப்பா. பேரு எழுதிக்கிட்டுப் போனாங்க" என்பார் பாட்டி. யார் எழுதினது என்று கேட்டேன். "நம்ம ஆளுதான்" என்றார். அதற்குமேல் பேசவில்லை, முறுக்குத் தட்டை என் பக்கம் தள்ளினார்.

ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' இரண்டும் அந்தத் துயரத்தைச் சொல்கின்றன. படிக்காதவர்கள் முதலில் அவற்றைப் படியுங்கள். எனக்கு வேண்டியது அடுத்த கேள்வி: பட்டியலில் பெயரை எழுதியது யார், யாருடைய பெயரை விட்டுவிட்டார், அதற்கு என்ன வாங்கினார்? துயரக் கதை அழ வைக்கும். துப்பறியும் கதைதான் கதவைத் தட்டிக் கேட்கும்.

மாமாவுக்கு இது பிடிக்கவில்லை. "செத்தவங்கள வச்சு மர்மக் கதையா? ரயிலேறுறப்ப படிச்சுட்டுத் தூக்கிப் போடுறதுக்கா?" என்றார். பாதி நியாயம் அவர் பக்கம் இருக்கிறது. அதனால் எனக்கு நானே ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டேன். கொலைகாரனைக் கற்பனை செய்யலாம். கடிகாரத்தைக் கற்பனை செய்யக்கூடாது. வாழ்ந்த மனிதர் எவர் தலையிலும் நான் கட்டிய கொலையைச் சுமத்தக்கூடாது. ஹீனனைக் கதையில் கொண்டு வந்தால், பதிவில் உள்ளதற்கு மேல் ஒரு குண்டூசியைக்கூட அவர் திருடக்கூடாது. தேதி தெரியாவிட்டால் சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் பழைய நாளிதழ்த் தொகுப்பு இணையத்தில் இருக்கிறது. காசு கொடுக்க வேண்டாம். டிக்டாக்கில் செலவழிக்கும் நேரத்தில் பாதி போதும். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கோட்டுக்காரனை அனுப்பிவிட்டேன். இப்போது என் துப்பறிவாளன் தோட்டத்து மருந்தகத்தில் வேலை செய்யும் இளம் டிரெசர். காய்ச்சலில் செத்த உடம்புக்கும் கழுத்து நெரிபட்ட உடம்புக்கும் வித்தியாசம் அவனுக்குத் தெரியும். ஆனால் சான்றிதழில் என்ன எழுத வேண்டும் என்பதைச் சொல்வது பெரிய கிராணி. வெள்ளைத் துரைகள் ஓடியபின் பல தோட்டங்களில் நிர்வாகம் அவர்கள் கையில்தான் இருந்தது. துப்பாக்கி இவனிடம் இல்லை. வைத்திருப்பது கொய்னா மாத்திரை கொஞ்சம், ஒரு சைக்கிள், அதிலும் முன் சக்கரத்தில் காற்று நிற்காது.

ஆசிரியையின் கேள்விக்கும் பதில் கிடைத்துவிட்டது: அவன் பெரிய கிராணி வீட்டுப் பிள்ளை. நாற்பதாவது பக்கத்தில் நிற்கிறேன். இரவு, அப்பா தூங்குகிறார், மேசையில் செக்ரோல் புத்தகம் கிடக்கிறது, அதில் எந்தக் கையெழுத்து இருக்கும் என்று இவனுக்கு முன்பே தெரியும். திறப்பானா என்று நான் இன்னும் எழுதவில்லை. அந்தக் காலத்துச் செக்ரோலின் பக்கம் எப்படி இருக்கும், கோடு எங்கே, பெயர் எங்கே என்று நேரில் பார்த்துவிட்டு எழுதலாம் என்றிருக்கிறேன். யார் வீட்டுப் பரணிலாவது ஒன்று இருந்தால், கரையானுக்கு முன் எனக்குக் காட்டுங்கள்.