வெளிச்சம் கூடினால் போதுமா?

சிராங்கூன் சாலையில் இரவு எட்டு மணிக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டும்போது, என் முகப்பு விளக்கு எரிகிறதா இல்லையா என்பதுகூட எனக்குத் தெரிவதில்லை. நகைக்கடை வெளிச்சம், தெருவிளக்கு, தீபாவளி நெருங்கிவிட்டால் தலைக்கு மேலே அலங்கார வளைவுகள். சிவப்பு விளக்கில் நிற்கும்போது முன்னால் நிற்கும் பேருந்தின் முதுகில் மஞ்சளாக ஒரு வட்டம் தெரியும். சரி, எரிகிறது என்று நினைத்துக்கொள்வேன். மூன்று ஆண்டுகள் இப்படியே ஓட்டினேன்.

சென்ற ஆண்டு டிசம்பர் விடுமுறையில் அதே மோட்டார் சைக்கிளில் கடற்பாலத்தைத் தாண்டி, ஜோகூரில் கூலாய்க்கு அப்பால் இருக்கும் என் மாமா வீட்டுக்குப் போனேன். நெடுஞ்சாலையை விட்டு இறங்கியதும் இரண்டு பக்கமும் செம்பனைத் தோட்டம். தெருவிளக்கு இல்லை. மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் போயிருப்பேன். கறுப்புச் சட்டை போட்ட முதியவர் ஒருவர் சாலையோரம் நடந்து வந்துகொண்டிருந்தார். நான் அவரைப் பார்த்ததும் அவர் துள்ளி ஒதுங்கியதும் ஒரே நேரத்தில் நடந்தன. “கண்ணு தெரியலையாடா?” என்று அவர் கத்தியது ஹெல்மெட்டைத் தாண்டிக் கேட்டது.

கண் நன்றாகத்தான் தெரிந்தது. விளக்குதான் போதவில்லை. மாமா வீட்டு வாசலில் இறங்கியபோது கை நடுங்கியது. அறிவியல் ஆசிரியராக வகுப்பில் வேகம், தூரம், நேரம் என்று எத்தனை கணக்குப் போட்டிருப்பேன்! அந்தக் கணக்கை எனக்கே ஒருமுறை போட்டுப் பார்க்கவில்லை.

இப்போது போடுவோம். மணிக்கு 80 கி.மீ. என்றால் நொடிக்கு 22 மீட்டர். ஆபத்தைப் பார்த்து, மூளைக்கு உறைத்து, கை பிரேக்கைப் பிடிக்க ஒன்றரை நொடி ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள்ளேயே 33 மீட்டர் போய்விடும். காய்ந்த சாலையில் நன்றாகப் பிரேக் பிடித்தாலும் நிற்க இன்னும் 35 மீட்டர் வேண்டும். மொத்தம் 68 மீட்டருக்குமேல். கறுப்பு உடுப்போடு நடப்பவர் என் விளக்கின் லோ பீமில் 40 மீட்டருக்குள் வந்தால்தான் கண்ணில் படுவார். மீதி 28 மீட்டரை நான் குருடனாகவே ஓட்டியிருக்கிறேன்.

சிங்கப்பூர்ச் சாலைகளில் இது ஏன் நமக்கு உறைப்பதில்லை? இங்கே மோட்டார் சைக்கிள் விளக்கின் முதல் வேலை நாம் பார்ப்பது அன்று, மற்றவர்கள் கண்ணில் நாம் படுவது. 1995 நவம்பரிலிருந்து இங்கு மோட்டார் சைக்கிள்கள் பகலிலும் முகப்பு விளக்கை எரியவிட வேண்டும் என்பது சட்டம். மலேசியா 1992லேயே கொண்டுவந்துவிட்டது. இந்தியாவில் 2017 ஏப்ரல் முதல் விற்கப்படும் புதிய இருசக்கர வாகனங்களில் எஞ்சினை இயக்கினால் விளக்கு தானாகவே எரியும். நல்ல சட்டம்தான். சிங்கப்பூரில் உள்ள வாகனங்களில் மோட்டார் சைக்கிள்கள் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் சாலையில் உயிரிழப்பவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் மோட்டார் சைக்கிள் ஓட்டிகளும் பின்னால் அமர்பவர்களும்தான். மற்றவர் கண்ணில் படுவது அவ்வளவு முக்கியம். பிறர் கண்ணில் பட மங்கலான விளக்கும் ஓரளவு போதும். இருட்டில் நாம் பார்ப்பதற்கு அது போதாது. நம்மூர்த் தெருவிளக்குகள் இந்த வேறுபாட்டை மறைத்துவிடுகின்றன.

சரி, நான் என்ன செய்தேன்? எல்லோரும் செய்வதைத்தான். இணையத்தில் ஓர் எல்இடி பல்பு வாங்கினேன். பெட்டியில் பெரிய எழுத்தில் 10,000 லூமன் என்று இருந்தது. என் மோட்டார் சைக்கிளில் இருந்தது 35 வாட் ஹாலஜன் பல்பு. ஹை பீமில் 825 லூமன், லோ பீமில் 525 லூமன் என்பது அதன் தரநிர்ணய அளவு. பத்தாயிரம் எங்கே, ஐந்நூறு எங்கே! அன்றிரவே மாட்டினேன். பளிச்சென்று வெள்ளை வெளிச்சம். தெரு முழுவதும் எனக்கே சொந்தம் போல் இருந்தது.

மறுநாள் பள்ளி ஆசிரியர் அறையில் கணித ஆசிரியை சொன்னார்: “நேத்து ராத்திரி எதிர்ல ஒரு மோட்டார் சைக்கிள், சார். யாரோ ஒரு பைத்தியக்காரன். ரெண்டு மூணு விநாடி எனக்கு ரோடே தெரியல.” எந்தச் சாலை, எத்தனை மணி என்று கேட்டேன். பிறகு காப்பியைக் குடித்துவிட்டுப் பேசாமல் எழுந்து போய்விட்டேன்.

அந்தப் பைத்தியக்காரன் செய்த தவறு என்ன என்பதற்குப் பதில் உங்கள் ஒளியியல் பாடத்திலேயே இருக்கிறது. முகப்பு விளக்கின் உள்ளே இருப்பது பரவளைய ஆடி. அதன் குவியத்தில் ஒளிமூலத்தை வைத்தால் கதிர்கள் இணையாக வெளியே போகும். அதுதான் ஹை பீம். அதே ஹாலஜன் பல்பில் லோ பீமுக்கு இன்னோர் இழை உண்டு. அது குவியத்துக்குச் சற்று முன்னால் இருக்கும். அதன் அடியில் சின்னதாக ஓர் உலோகக் கிண்ணம் இருக்கும். இழை முன்னால் இருப்பதால் ஆடியின் மேல்பாதியில் படும் ஒளி கீழ்நோக்கித் திரும்புகிறது. கீழ்பாதியில் பட்டால் மேல்நோக்கிப் போயிருக்கும் ஒளியைக் கிண்ணம் தடுத்துவிடுகிறது. பல்பை உடைத்துப் பார்த்தால் ஒன்றுமே இல்லாதது போல் தெரியும் அந்தத் தகடுதான் எதிரே வருபவரின் கண்ணைக் காப்பாற்றுகிறது.

எல்இடி பல்பில் இழை இல்லை. ஒரு தகட்டின் இரண்டு பக்கமும் சிறு சில்லுகள். அவை இழை இருந்த அதே இடத்தில், அதே அளவில் இருந்தால் பரவாயில்லை. என்னுடையதில் இல்லை. ஆடியின் குவியத்தூரம் 25 மி.மீ. என்று கொள்ளுங்கள். ஒளிமூலம் மேலோ கீழோ 1 மி.மீ. விலகினால், 25 மீட்டர் தொலைவில் ஒளிக்கற்றை 1 மீட்டர் இடம் மாறும். சாலையில் விழ வேண்டியது எதிரே வருபவர் முகத்தில் விழும். நான் வாங்கியது வெளிச்சத்தை. இழந்தது அதன் இலக்கை.

எல்இடியே கெட்டது என்று நான் சொல்லவில்லை. எல்இடிக்கென்றே ஆடியும் வில்லையும் வடிவமைத்துத் தொழிற்சாலையிலிருந்து வரும் முழு விளக்குகள் ஹாலஜனைவிட நன்றாகவே இருக்கின்றன. ஹாலஜனுக்காகச் செய்த கூட்டுக்குள் வேறொன்றைத் திணிப்பதைத்தான் சொல்கிறேன். விளக்கில் எதை மாற்றலாம், எதை மாற்றக்கூடாது என்று நிலப் போக்குவரத்து ஆணையம் விதிகள் வைத்திருக்கிறது. வாங்குவதற்குமுன் அதைப் படிக்காதது என் தவறு. எதிரே வந்தவர் தெரிந்தவராக இருந்ததால் எனக்கு உறைத்தது. தெரியாதவராக இருந்தால்?

பழைய பல்பைத் திரும்ப மாட்டிவிட்டு, செய்திருக்க வேண்டிய முதல் வேலையைக் கடைசியாகச் செய்தேன். ஆய்வகத்திலிருந்து மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு கார் நிறுத்துமிடத்துக்குப் போனேன். எஞ்சின் ஓடும்போது மின்கலத்தின் முனைகளில் 13.8 வோல்ட். பல்பின் முனைகளில் 12.3. ஒன்றரை வோல்ட் வழியிலேயே காணாமல் போயிருந்தது. ஓமின் விதிப்படி பாருங்கள்: பல்பு இழுக்கும் மின்னோட்டம் ஏறத்தாழ 2.9 ஆம்பியர். அப்படியானால் இடையில் இருக்கும் மின்தடை அரை ஓம். பாடப்புத்தகத்தில் அரை ஓம் என்றால் யாரும் மதிக்க மாட்டோம்.

வோல்ட் பத்தில் ஒரு பங்குதானே குறைந்தது, வெளிச்சமும் பத்தில் ஒரு பங்குதானே குறையும் என்று உயர்நிலை மூன்று மாணவர்களிடம் கேட்டால் பெரும்பாலோர் தலையாட்டுவார்கள். அப்படி இல்லை. டங்ஸ்டன் இழையின் வெப்பநிலை கொஞ்சம் இறங்கினாலே அதன் கதிர்வீச்சில் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பின் பங்கு இன்னும் கூடிவிடும். ஹாலஜன் பல்பின் ஒளி, மின்னழுத்தத்தின் ஏறத்தாழ 3.4ஆம் அடுக்கில் மாறுகிறது. கால்குலேட்டரில் 0.89 ஐ 3.4 அடுக்குக்கு உயர்த்திப் பாருங்கள்: 0.67. வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்கு, துருப்பிடித்த இணைப்புகளில் போயிருக்கிறது.

(தமிழ்நாட்டில் என் தாத்தா வைத்திருந்த பழைய மொப்பெட்டில் ஆக்சிலரேட்டரைத் திருகினால் விளக்கு பிரகாசிக்கும், விட்டால் மங்கும். மின்கலத்தின் வழியே போகாமல் நேராக மின்னாக்கியிலிருந்து விளக்குக்கு மின்சாரம் போகும் வகை அது. ஃபாரடேயின் தூண்டல் விதியைச் சிறுவயதில் கையாலேயே படித்திருக்கிறேன், பெயர் தெரியாமல்.)

ஜாலான் புசார் பக்கம் ஒரு பட்டறையில் விட்டேன். பட்டறைக்காரர் விளக்கு சுவிட்சைக் கழற்றித் தொடுமுனைகளைச் சுத்தம் செய்தார், சட்டத்தோடு இணையும் எர்த் கம்பியின் துருவைச் சுரண்டினார், கருகிப்போன பல்பு ஹோல்டரை மாற்றினார். திரும்ப அளந்தபோது பல்பில் 13.4 வோல்ட். வெளிச்சம் முன்பைவிட மூன்றில் ஒரு பங்கு கூடியிருக்க வேண்டும். சுவரில் பார்த்தபோது கண்ணுக்கே தெரிந்தது. வோல்ட் கூடினால் ஹாலஜன் பல்பின் ஆயுள் குறையும், அது உண்மை. பல்பு மலிவு.

ஆனால் இதிலும் மயங்கிவிடக் கூடாது. தொலைவு இரண்டு மடங்கானால் ஒரு பொருளின்மேல் விழும் ஒளி நான்கில் ஒன்றாகிவிடும். எனவே மூன்றில் ஒரு பங்கு கூடுதல் வெளிச்சம் எனக்கு 16 விழுக்காடு கூடுதல் தொலைவைத்தான் தரும். 40 மீட்டர் 46 ஆகும். அவ்வளவுதான். 46 மீட்டருக்குள் நிற்க வேண்டுமென்றால் நான் 60 கி.மீ. வேகத்தில்தான் போக முடியும். வெளிச்சத்தை இரண்டு மடங்காக்கினாலும் தொலைவு 1.4 மடங்குதான் என்பதைப் பெட்டியில் லூமன் அச்சிடுபவர்கள் சொல்வதில்லை. எந்த விளக்கு வாங்கினாலும் லூமன் எண்ணைப் பார்க்காதீர்கள். அந்த ஒளி சுவரில் எப்படி விழுகிறது என்பதைக் காட்டச் சொல்லுங்கள் என்பேன்.

சுவர் என்றதும் இன்னொன்று. சமதளத்தில் சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளி மோட்டார் சைக்கிளை நிறுத்தி, வழக்கம்போல் ஓட்டுபவர் ஏறி உட்கார்ந்து லோ பீமைப் போட வேண்டும். ஒளியின் மேல்விளிம்பு, விளக்கின் மையத்தைவிட 5 செ.மீ. தாழ்வாக விழுந்தால் சாய்வு 1 விழுக்காடு. இப்போது பின்னால் ஒருவரை உட்கார வையுங்கள். பின்பக்கச் சுருள்வில் அமுங்கி, முன்பக்கத்தைவிட 3 செ.மீ. இறங்குகிறது என்போம். இரண்டு சக்கரங்களுக்கும் இடையே 130 செ.மீ. மூக்கு 2.3 விழுக்காடு மேலே தூக்கிக்கொள்ளும். கீழே பார்த்த ஒளி இப்போது வானத்தைப் பார்க்கிறது. சாலை இருட்டு, எதிரே வருபவருக்குக் கண்கூச்சம். பல்பில் எந்தக் குறையும் இல்லை! பின்னால் பெரிய பெட்டி கட்டி உணவு விநியோகம் செய்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த முக்கோணம்தான் நினைவுக்கு வரும். பல மோட்டார் சைக்கிள்களில் விளக்கின் சாய்வைச் சரிசெய்ய ஒரு திருகாணி போதும்.

உங்களில் யாருக்கும் இன்னும் 18 வயது ஆகவில்லை. மோட்டார் சைக்கிள் உரிமம் எடுக்க முடியாது. ஆனால் உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஒருவர் வேலை முடிந்து இரவில் மோட்டார் சைக்கிளில் திரும்புகிறார். ஞாயிறு மாலை தேக்காவுக்குப் போகுமுன் அவரோடு வீவக கார் நிறுத்துமிடத்தில் பத்து நிமிடம் செலவழியுங்கள். விளக்குக் கண்ணாடியை ஈரத்துணியால் துடையுங்கள். மங்கிப்போன பிளாஸ்டிக் மூடியும் ஒளியைச் சிதறடிக்கும். பல்பை மாற்றினால் அதன் கண்ணாடியை விரலால் தொடாதீர்கள். விரலின் எண்ணெய்ப் பசை பட்ட இடம் சூட்டில் கெட்டுவிடும். மின்கம்பிகளை மட்டும் நீங்களாகப் பிரிக்க வேண்டாம், பட்டறைக்குப் போங்கள்.

பள்ளிகளிடமும் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. ஓமின் விதிக்கு நாங்கள் இன்னும் புத்தம்புதுக் கம்பிகளையும் பளபளக்கும் மின்தடையங்களையும்தான் மேசைமேல் வைக்கிறோம். எல்லா அளவும் கணக்கோடு ஒத்துப்போகும். மாணவர் குறித்துக்கொண்டு மறந்துவிடுவார். துருப்பிடித்த ஒரு இணைப்பைச் சுற்றில் சேர்த்து, மங்கும் பல்பின் முன் ஓர் ஒளிமானியை வைத்தால் அரை ஓமின் அருமை தெரியும். கைபேசியின் ஒளிமானிச் செயலியே இதற்குப் போதும்.

என் எல்இடி பல்பு இப்போது ஆய்வக அலமாரியில் இருக்கிறது. இந்தத் தவணையில் பழைய முகப்பு விளக்குக் கூடு ஒன்றில் அதையும் ஹாலஜனையும் மாறி மாறி மாட்டி, வரைதாள் ஒட்டிய சுவரில் ஒளி எங்கே விழுகிறது என்று மாணவர்கள் பென்சிலால் கோடு போட்டார்கள். கணித ஆசிரியையையும் பார்க்க அழைத்திருந்தேன். அந்தப் பைத்தியக்காரன் யார் என்பதை அன்றுதான் சொன்னேன்.