கண்ணின் நிறத்தை மாற்ற ஆபரேஷனா? பார்வையே பறிபோகலாம்... எச்சரிக்கும் டாக்டர்கள்!

ஆபரேஷனுக்கு முன்னாடி பழுப்புக் கண். முடிந்த பிறகு பளிச்சுனு நீலக் கண். இப்படி ஒரு ரீல்ஸ் உங்க போனிலும் வந்திருக்கலாம். 'சில நிமிஷத்துல முடிஞ்சுடும், வாழ்நாள் முழுக்க அதே கலர்' என ஆசை காட்டுவார்கள். ஆனால் அழகுக்காக மட்டும் இதைச் செய்துகொள்வது ஆபத்து என அமெரிக்க கண் மருத்துவ அகாடமி 2024 ஜனவரியில் எச்சரித்தது. அப்படி என்னதான் ஆபத்து? பார்க்கலாம்.

கண்ணுக்கு நிறம் எப்படி வருது?

கண் பாப்பாவைச் சுற்றி வளையம் போல இருக்கிறதே, அதுதான் ஐரிஸ். அதற்கு முன்னால் கண்ணாடி மாதிரி மூடியிருப்பது கார்னியா. தமிழில் இரண்டையுமே 'கருவிழி' என்று சொல்வதால் குழப்பம் வரும். அதனால் இந்தக் கட்டுரையில் ஐரிஸ், கார்னியா என்றே வைத்துக்கொள்வோம்.

ஐரிஸில் மெலனின் என்ற நிறமி அதிகம் இருந்தால் பழுப்பு நிறம், குறைவாக இருந்தால் நீலம். உண்மையில் நீலக் கண்ணில் நீல நிறமி எதுவுமே கிடையாது. ஒளி சிதறுவதால்தான் அப்படித் தெரிகிறது.

ஆபரேஷனில் என்ன செய்றாங்க?

கார்னியாவின் ஓரத்தில் சின்னதாகக் கீறி, மடித்து வைத்த சிலிகான் தகடு ஒன்றை உள்ளே நுழைக்கிறார்கள். நடுவில் ஓட்டை உள்ள அந்த வண்ணத் தகடு உள்ளே போய் விரிந்து, இயற்கையான ஐரிஸுக்கு முன்னால் உட்கார்ந்துகொள்ளும். அமெரிக்காவில் அழகுக்கான இந்தத் தகடுகளுக்கு அந்நாட்டு உணவு மற்றும் மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. அனுமதி கொடுக்கவில்லை. அதனால் பனாமா போன்ற வெளிநாடுகளுக்குப் போய் இதைச் செய்துகொண்டவர்கள் உண்டு.

சிக்கல் எங்கே?

கார்னியாவுக்கும் ஐரிஸுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி, மையத்திலேயே சுமார் 3 மில்லிமீட்டர்தான். ஓரத்துக்குப் போகப் போக இன்னும் குறுகிவிடும். அந்த இடத்தில் ஒரு தகட்டைத் திணித்தால் அது சுற்றியுள்ள எல்லாவற்றிலும் உரசும்.

கண் அழுத்தம்: கண்ணுக்குள் சுரக்கும் நீர் வெளியேறும் வழி சரியாக அந்த ஓரத்தில்தான் இருக்கிறது. அது அடைபட்டால் அழுத்தம் ஏறி பார்வை நரம்பு சேதமாகும். இதுதான் கிளாக்கோமா. பெரும்பாலும் ஆரம்பத்தில் வலியே இருக்காது. பக்கவாட்டுப் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். போன பார்வை திரும்பாது.

கார்னியா பாதிப்பு: கார்னியாவின் உள்பக்கம் இருக்கும் செல்கள், அதில் சேரும் நீரை வெளியேற்றி அதைத் தெளிவாக வைத்திருக்கின்றன. இந்த செல்கள் செத்துப்போனால் மறுபடி வளராது. அளவுக்கு மீறி குறைந்தால் கார்னியா வீங்கி மங்கிவிடும். அதன்பிறகு, தானமாகக் கிடைக்கும் கார்னியாவைப் பொருத்த வேண்டிய நிலை வரலாம்.

அழற்சியும் புரையும்: கண் சிவந்து வலிக்கும், வெளிச்சம் கூசும். சின்ன வயசிலேயே கண்புரையும் வரலாம்.

'பிரச்னை வந்தா எடுத்துடலாம்ல?'

பலரும் கேட்கிற கேள்வி இது. எடுக்கலாம்தான். ஆனால் அதுவும் இன்னொரு ஆபரேஷன். தகட்டை எடுத்தாலும் சேதமான நரம்பும் செத்த செல்களும் திரும்ப வராது. இந்த ஆபரேஷனால் 14 கண்களில் ஏற்பட்ட கடுமையான பாதிப்புகளை 2012-லேயே ஒரு மருத்துவ ஆய்வுக் கட்டுரை பதிவு செய்திருக்கிறது.

அப்போ செயற்கை ஐரிஸே தப்பா?

இல்லை. பிறவியிலேயே ஐரிஸ் இல்லாதவர்களுக்கும், விபத்தில் அதை இழந்தவர்களுக்கும் வெளிச்சத்தைத் தாங்குவதே கஷ்டம். அவர்களுக்காக ஒரு செயற்கை ஐரிஸுக்கு 2018-ல் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. அனுமதி கொடுத்தது. அது குறைபாட்டுக்கான சிகிச்சை. நல்லா இருக்கிற ஐரிஸ் மேல வெறும் கலருக்காகத் தகடு வைப்பது வேற கதை.

லேசர், டாட்டூ பரவாயில்லையா?

லேசர் மூலம் மெலனினைக் கரைக்கும்போது, உதிரும் நிறமித் துகள்கள் நீர் வெளியேறும் அதே வழியை அடைக்கலாம். கார்னியாவுக்குள் சாயம் ஏற்றும் 'டாட்டூ' முறையில் தொற்று, வெளிச்சக் கூச்சம், சாயம் கசிவது, மங்குவது போன்ற அபாயங்கள் இருக்கின்றன. அகாடமியின் எச்சரிக்கை இந்த டாட்டூ முறைக்கும் சேர்த்துத்தான்.

கலர் மாற்றியே ஆகணும்னா?

கண் டாக்டரிடம் அளவு பார்த்து வாங்கும் கலர் கான்டாக்ட் லென்ஸ்தான் இருப்பதில் பாதுகாப்பான வழி. வேண்டாம்னா கழற்றிடலாம். ஆனால் அதிலும் கவனம் தேவை. குழாய்த் தண்ணீரில் கழுவக்கூடாது, போட்டுக்கொண்டு தூங்கக்கூடாது, ஃப்ரெண்ட்ஸோட மாத்திப் போடவே கூடாது.

ஏற்கெனவே இந்த ஆபரேஷன் செய்துகொண்டவரா? வலி இல்லைன்னு சும்மா இருக்காதீங்க. கண் அழுத்தம், கார்னியா செல் எண்ணிக்கை இரண்டையும் டாக்டர் சொல்லும் இடைவெளியில் தவறாமல் பரிசோதிக்க வேண்டும். பார்வை மங்கினாலோ, விளக்கைச் சுற்றி வளையம் தெரிந்தாலோ, கண் சிவந்து வலித்தாலோ அன்றைக்கே கண் டாக்டரைப் பாருங்க.